சரித்திர மகாநாடுகளும் ஆராய்ச்சி மாணவர்களும்

சரித்திர மகாநாடு என்றும், ஆராய்ச்சிக் கருத்தரங்கு என்றும் பெயர் வைத்துக்கொண்டு நமது நாட்டுச் சர்வகலாசாலைகளிலும் காலேஜுகளிலும் ஆண்டுதோறும் பல கூட்டங்கள் நடந்துவருகின்றன. டாக்டர் பட்டத்திற்காக ஆராய்ச்சி செய்யும் மாணவர்கள் அங்கே போய்க் கட்டுரை வாசிக்கிறார்கள். இதில் நமக்கென்ன வேலை, அது படித்தவர்கள் சமாசாரமல்லவா என்று நமது வாசகர்களில் சிலர் நினைக்கலாம். நாமும் சென்ற மாதம் வரையில் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். நமக்குப் பள்ளிப் படிப்பு எட்டாவதோடு முடிந்தது. அதற்குமேல் தெரிந்துகொண்டதெல்லாம் வாசகசாலை மேஜையில் தெரிந்துகொண்டதுதான். ஆனாலும் ஒரு நாள் முழுவதும் அப்படிப்பட்ட கூட்டமொன்றில் உட்கார்ந்து எழுந்து வந்த பிறகு, இது நம்முடைய சமாசாரமே என்ற முடிவுக்கு வந்திருக்கின்றோம்.

நாம் போன காரணம் இதுதான். திருவேற்காட்டில் நமது தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கொத்தனார் இருக்கிறார். அவருடைய மகன் சரித்திரத்தில் எம்.ஏ. தேறி இப்போது ஆராய்ச்சி மாணவராக இருக்கிறார். அந்தக் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் அவரே. ஒரு நாள் மாலை அவருடைய தாயார் நம் வீட்டு வாசலில் வந்து நின்று, "அண்ணே, பையன் ஏதோ மகாநாட்டிலே பேசப் போறானாம். எங்களுக்குப் போனா ஒண்ணும் புரியாது. நம்ம பக்கத்து ஆளு ஒருத்தராவது எதிரே உக்காந்திருந்தா அவனுக்குத் தெம்பா இருக்கும்" என்றார். இந்த வார்த்தைக்குப் பிறகு போகாமலிருக்க முடியுமா? போனோம்.

எந்தக் காலேஜ் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. ஒரு காலேஜைக் குற்றஞ்சொல்வது நமது நோக்கமல்ல. மேலும், விசாரித்த வரையில் அநேக இடங்களில் இதே கதைதான் என்று தெரிகின்றது.

காலை பத்து மணிக்கு என்று அழைப்பில் போட்டிருந்தார்கள். பதினொன்றேகாலுக்குக் குத்துவிளக்கு ஏற்றப்பட்டது. கடவுள் வணக்கம் பாடப்பட்டது. பொன்னாடை பன்னிரண்டு பேருக்குப் போர்த்தப்பட்டது. எண்ணிக்கொண்டுதான் இருந்தோம், வேறு வேலை இல்லை. பிறகு தலைமை விருந்தினரான ஒரு கனவான் எழுந்து ஒன்றேகால் மணி நேரம் பிரசங்கம் செய்தார். சரித்திரத்தைப் பற்றிப் பேசப் போகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அவர் இந்தப் பிரதேசத்தின் பெருமையைச் சொல்லுகிறேன் என்று தொடங்கி, நான்கு வேதங்களும் வேல மரங்களாக உருக்கொண்டு சிவனை வழிபட்டதால்தான் வேற்காடு என்ற பெயர் வந்தது என்றும், ஆகவே இந்தப் பூமியில் கால் வைக்கும் மாணவர்கள் பாக்கியசாலிகள் என்றும் முழங்கினார். கைதட்டல் மண்டபத்தை அதிரச் செய்தது. தட்டியவர்களில் சரித்திரப் பேராசிரியர்களும் உண்டு.

கொத்தனார் மகனுடைய கட்டுரை எதைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? ஊர்ப் பெயர்களைப் பற்றி!

அவருடைய முறை மத்தியானம் மூன்றேமுக்காலுக்கு வந்தது. பெரிய மண்டபத்தில் அல்ல, மாடியில் ஒரு வகுப்பறையில். அங்கே இருந்தவர்கள் நம்மைச் சேர்த்துப் பதினொரு பேர். அதில் ஏழு பேர் தங்கள் முறைக்காகக் காத்திருப்பவர்கள். ஆளுக்கு ஐந்து நிமிஷம். நான்காவது நிமிஷத்தில் அக்கிராசனர் மணியடித்துவிட்டார்.

அந்த நான்கு நிமிஷத்தில் அந்தப் பையன் சொன்னதை நாம் இங்கே முடிந்தவரையில் எழுதுகின்றோம், ஏனெனில் அங்கே கேட்பாரில்லை. வேல் என்பது வேல மரம். வேல் என்பதும் காடு என்பதும் சேர்ந்தால் தமிழ் இலக்கணப்படி வேற்காடு. ஆல மரம் நிறைந்த இடம் ஆலங்காடு என்பதுபோல வேல மரம் நிறைந்த இடம் வேற்காடு. மரத்தின் பெயரால் ஊர் தோன்றுவது தொண்டைமண்டலம் முழுவதும் சகஜம். கோயிலும் பதிகமும் வந்த பிறகு 'திரு' முன்னே ஒட்டிக்கொண்டது. அதற்கும் பிறகு, மரத்தின் பெயரால் இருப்பது ஒரு புண்ணிய ஸ்தலத்துக்குக் கௌரவமாகாது என்று நினைத்த யாரோ, வேலத்தை வேதமாக்கி, ஊரை வேதபுரியாக்கி, சுவாமியை வேதபுரீஸ்வரராக்கினார்கள். அதாவது பெயர் முதலில் வந்தது. கதை பெயருக்காகப் பின்னால் கட்டப்பட்டது. சம்பந்தர் பாடல் பெற்ற பழைய தலம் என்பதை அவர் மறுக்கவில்லை. தலம் பழையது என்பதால் தலபுராணமும் அவ்வளவு பழையது என்று ஆகிவிடாது என்றுதான் சொன்னார்.

இதற்கு அவர் காட்டிய இன்னொரு உதாரணம் நமக்கு மிகவும் பிடித்தது. நமக்கு வடக்கே இருக்கும் ஆவடியைப் பற்றி, அது ராணுவ வண்டிகளையும் கிடங்கையும் குறிக்கும் இங்கிலீஷ் வார்த்தைகளின் முதலெழுத்துக்களைச் சேர்த்து வைத்த பெயர் என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறோம். டாங்கி செய்யும் தொழிற்சாலை அங்கே வந்தது 1960-களில். ஆனால் 1955 ஜனவரியிலேயே ஆவடியில் காங்கிரஸ் மகாநாடு கூடி, சமதர்மப் பாணியில் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது உலகமறிந்த விஷயம். தொழிற்சாலையைப் பார்த்தவர்கள் பெயரை முதலெழுத்துக்களாகப் பிரித்துக் கதை கட்டியிருக்கிறார்கள். ஆகவே தலபுராணம் எழுதுகிற வியாதி பஞ்சகச்சம் கட்டியவர்களுக்கு மட்டும் உள்ளதல்ல, கால்சட்டை போட்டவர்களுக்கும் உண்டு என்பதை நம் கண்ணெதிரே பார்க்கிறோம்.

மணியடித்த பிறகு கேள்வி நேரம் என்றார்கள். ஒரே ஒரு கேள்வி வந்தது. அக்கிராசனரே கேட்டார்: "தம்பி, திருவேற்காட்டில் எந்தத் தெரு?"

தெருவைக் கேட்டது எதற்கு என்பது நமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பையன் தெருப் பெயரைச் சொன்னார். அக்கிராசனர் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். வேல மரத்தைப் பற்றியோ, இலக்கணத்தைப் பற்றியோ, ஆதாரம் என்ன என்றோ ஒரு வார்த்தை கிடையாது. கட்டுரையைத் தாக்கிக் கேட்டிருந்தால் பையன் சந்தோஷப்பட்டிருப்பார். நாமும் சந்தோஷப்பட்டிருப்போம். வெளியே வந்ததும் கையில் ஒரு சர்டிபிகேட்டைக் கொடுத்தார்கள். அதற்கு முன்பணமாக அந்தப் பையன் கட்டிய தொகை அவருடைய தகப்பனாரின் ஒரு நாள் கூலிக்கு மேல்.

இந்தச் சர்டிபிகேட் வியாபாரம் எப்படி வந்தது என்று விசாரித்தோம். பல்கலைக்கழக மானியக்குழு 2016-ல் போட்ட விதிப்படி, டாக்டர் பட்ட ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன் மாணவர் ஒரு கட்டுரையாவது பத்திரிகையில் வெளியிட்டிருக்க வேண்டும், இரண்டு மகாநாடுகளிலாவது கட்டுரை வாசித்திருக்க வேண்டும். நல்ல எண்ணத்தோடுதான் போட்டிருப்பார்கள். ஆனால் கட்டாயம் என்று ஒன்று வந்தவுடன் கடையும் வந்துவிட்டது. பணம் வாங்கிக் கட்டுரை போடும் பத்திரிகைகளும், காலையில் கூடி மாலையில் கலைந்து நூற்றுக்கணக்கில் காகிதம் கொடுக்கும் மகாநாடுகளும் கிளம்பின. 2022 நவம்பரில் வந்த புதிய விதியில் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள், அத்தோடு எம்.ஃபில். பட்டத்தையும் எடுத்துவிட்டார்கள். ஆயினும் கடை மூடவில்லை. உத்தியோகத்திற்கு மனுப்போடும்போது எத்தனை மகாநாடு என்று எண்ணுகிற வழக்கம் இருக்கும்வரை மூடாது.

நிற்க, எல்லா மகாநாடும் இப்படித்தான் என்று சொன்னால் நாம் பொய் சொன்னவர்களாவோம். இந்திய வரலாற்றுப் பேரவை என்று ஒன்று 1935-ல் புனாவில் தொடங்கியது. 1938-ல் அலகாபாத்தில் கூடியபோது அதற்கு இப்போதைய பெயர் வந்தது. 1944-ல் சென்னையிலும் 1945-ல் அண்ணாமலை சர்வகலாசாலையிலும் அது கூடியது. பழங்காலம், இடைக்காலம், நவீன காலம், இந்தியாவுக்கு வெளியே உள்ள நாடுகள், தொல்லியல் என்று பிரிவு பிரிவாகக் கூடிக் கட்டுரைகளைப் படித்து வாதாடுகிறார்கள். அதை ஆண்டுதோறும் புஸ்தகமாகவும் போடுகிறார்கள். ஆராய்ச்சி மாணவர்களுக்கு அங்கே இடமுண்டு. அதனுடைய 81-வது கூட்டம் 2022 டிசம்பர் 27 முதல் 29 வரை நமக்குத் தெற்கே தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் நடந்தது. முதலமைச்சராயிருந்த மு.க.ஸ்டாலின் அதைத் திறந்துவைத்து, சரித்திரத்தைத் திரிப்பதுதான் நாட்டைச் சூழ்ந்திருக்கும் ஆபத்து என்ற கருத்துப்படப் பேசினார்.

அவர் அப்படிப் பேசியதற்குக் காரணமில்லாமல் இல்லை. அதே பேரவையின் 2018-ம் வருஷக் கூட்டத்தைப் புனா சர்வகலாசாலை நடத்துவதாக ஒப்புக்கொண்டு பின்பு கையை விரித்துவிட, 2019 பிப்ரவரியில் போபாலில் கூட்டவேண்டி வந்தது. 2015 ஜனவரியில் பம்பாயில் நடந்த இந்திய விஞ்ஞான மகாநாட்டிலோ, வேத காலத்திலேயே ஆகாய விமானம் இருந்தது என்று ஒருவர் கட்டுரையே வாசித்தார். 2023-ல் மத்திய சர்க்காரின் பன்னிரண்டாம் வகுப்புச் சரித்திரப் பாடத்திலிருந்து மொகலாயர் அரசவைகளைப் பற்றிய பாடம் நீக்கப்பட்டது. நமது கீழடியின் கதை எல்லோருக்கும் தெரியும். மத்தியத் தொல்லியல் துறையின் அதிகாரியாக இருந்து அங்கே முதலில் தோண்டிய அமர்நாத் இராமகிருஷ்ணன் 2023 ஜனவரியில் அறிக்கை கொடுத்தார். இரண்டு வருஷத்திற்கு மேல் அதை வைத்திருந்துவிட்டு 2025 மே மாதத்தில் திருத்திக் கொடு என்று கேட்டார்கள். அவர் திருத்த முடியாதென்றார். பூமிக்குள்ளிருந்து எடுத்த ஓட்டுக்கும் கரிக்கும் இன்ன வயதுதான் இருக்கலாம் என்று மேலிருந்து உத்தரவு போட முடியுமானால், தோண்டுவானேன் என்று கேட்கின்றோம்.

ஆனால் ஆபத்து டில்லியில் மாத்திரம் இருப்பதாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ள நாம் தயாராயில்லை. அன்றைய மகாநாட்டில் அதிகக் கைதட்டல் வாங்கிய இன்னொரு கட்டுரை எது தெரியுமா? லெமூரியாக் கண்டம்! தமிழன் அந்தக் கண்டத்தில் தோன்றி உலகம் பூராவும் போனான் என்று ஒரு மாணவர் வாசித்தார். அவரை வாழ்த்தாதவர் இல்லை. லெமூரியா என்ற பெயரை 1864-ல் வைத்தவர் ஸ்கிளேட்டர் என்ற இங்கிலீஷ்காரர். மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒரேவிதமான சில பிராணிகளும் அவற்றின் எலும்புகளும் கிடைப்பதற்குக் காரணம் தேடிய அவர், நடுவில் ஒரு நிலம் இருந்து முழுகியிருக்கலாம் என்று ஊகித்தார். கண்டங்களே நகருகின்றன என்பது தெரிந்தபின் விஞ்ஞானிகள் அந்த ஊகத்தைக் கைவிட்டுவிட்டார்கள். நாம் மட்டும் அதை எடுத்துத் தமிழ்க் கொடியை நட்டுவிட்டோம். பார்ப்பனர் எழுதிவைத்தால் புராணம், நம்மவர் எழுதிவைத்தால் சரித்திரம் என்று ஒரு நியாயம் உண்டா? ஆதாரம் கேட்கிற வாயை எதிரிக்கு மட்டும் திறந்து வீட்டுக்காரனுக்கு மூடிக்கொண்டால் அதற்குப் பகுத்தறிவு என்று பெயரில்லை. இதை எழுதுவதால் நம் தோழர்கள் சிலருக்கு வருத்தம் வரும். வரட்டும்.

இத்தனைக்கும் நமக்குப் பெருமை வேண்டுமென்றால் முழுகிப்போன கண்டத்துக்குப் போகவேண்டிய அவசியமே கிடையாது. 1863 மே 30-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற வெள்ளைக்காரர் பல்லாவரத்தில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அது ஆதிமனிதன் செதுக்கிய கருவி. அதே வருஷத்தில் நமது திருவள்ளூர் ஜில்லா அதிராம்பாக்கத்திலும் அப்படிப்பட்ட கற்கள் அகப்பட்டன. சாந்தி பப்புவும் அவருடன் சேர்ந்தவர்களும் வருஷக்கணக்கில் அங்கே தோண்டி 2011-ல் வெளியிட்ட முடிவின்படி அக்கருவிகளில் பழையவை சுமார் 15 லட்சம் வருஷங்களுக்கு முற்பட்டவை. வேறுவகையான, சின்னச்சின்னதாக நயமாகச் செதுக்கிய கருவிகள் அதே இடத்தில் சுமார் 3,85,000 வருஷங்களுக்கு முன்பே தோன்றிவிட்டன என்று 2018-ல் மறுபடி வெளியிட்டார்கள். அவற்றைச் செய்தவன் தமிழனுமல்ல, ஆரியனுமல்ல. இன்றைய மனித ஜாதி உண்டாவதற்கே முன்னிருந்தவன். அந்த இடம் நம் வீட்டிலிருந்து அரை நாளில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் இருக்கிறது. ஆடி மாதத்தில் கருமாரியம்மன் கோயிலுக்கு வண்டி வண்டியாக வரும் ஜனங்களில் ஒருவராவது அதிராம்பாக்கத்தின் பெயரைக் கேட்டிருப்பாரா? அவர்களைக் குற்றம் சொல்லவில்லை. யார் சொன்னார்கள் அவர்களுக்கு?

சரித்திரத்தைப் படிப்பது எப்படி என்பதற்கு நமது பக்கத்திலேயே இன்னொரு நல்ல பாடம் கிடக்கிறது. திருவாலங்காட்டில் இராஜேந்திர சோழன் காலத்துச் செப்பேடு கிடைத்தது. மொத்தம் 31 ஏடுகள். அதில் ஒரு பகுதி சமஸ்கிருதம், ஒரு பகுதி தமிழ். சமஸ்கிருதப் பகுதியில் சோழர்கள் சூரியனிலிருந்து பிறந்தார்கள், மனுவின் வம்சம் என்றெல்லாம் வருகிறது. தமிழ்ப் பகுதியிலோ பழையனூர் என்ற கிராமத்தைக் கோயிலுக்குக் கொடுத்த விவரம்: எந்த எல்லை, எந்த ஓடை, என்ன வரி, யார் கையெழுத்து. புளுகு வேண்டியபோது தேவபாஷை, கணக்கு வேண்டியபோது நம் பாஷை! இதைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஏட்டைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. ராஜாவுக்குச் சூரியன் தாத்தாவாக இருக்க வேண்டிய அவசியம் ஏன் வந்தது, அதை எழுதிக் கொடுத்தவனுக்குக் கிடைத்தது என்ன என்று கேட்கிறபோது, அந்தப் புளுகே ஒரு சாட்சியாகிவிடுகிறது. பொய்யைப் பொய் என்று கண்டுபிடிப்பதோடு நமது பிரசாரம் நின்றுவிடுகிறது. அதற்கு மேலே ஒரு படி போய், இந்தப் பொய் யாருக்கு எப்போது எதற்காக வேண்டியிருந்தது என்று கேட்பவனே சரித்திரக்காரன் என்பதை இந்த வயதில் ஒரு கொத்தனார் மகனிடம் நாம் கற்றுக்கொண்டோம்.

திருவேற்காட்டில் பிறந்ததாகச் சொல்லப்படும் மூர்க்க நாயனார் விஷயமும் இதுவே. சூதாடி ஜெயித்த பணத்தில் அடியார்களுக்குச் சோறு போட்டார், தோற்றவன் பணம் கொடுக்க மறுத்தால் கத்தியால் குத்தினார், அதனால் மோட்சம் அடைந்தார் என்பது பெரியபுராணம். மேடையில் இதைச் சொல்லி நாம் எத்தனையோ தடவை ஜனங்களைச் சிரிக்க வைத்திருக்கிறோம். அந்தப் பையன் கேட்டார்: "ஐயா, நீங்க சொல்றது சரிதான். ஆனா சேக்கிழார் இங்கே பக்கத்திலே குன்றத்தூர்க்காரர். பன்னிரண்டாம் நூற்றாண்டிலே சோழனுக்கு மந்திரியா இருந்தவர்னு சொல்றாங்க. அப்படிப்பட்டவருக்கு ஒரு சூதாடியை, அதுவும் வேளாளரை, நாயனாரா வெச்சுப் பாட வேண்டிய அவசியம் என்ன? சோறு போடறதுதான் பெரிய தர்மம்னு யாருக்குச் சொல்ல வேண்டியிருந்தது? அந்த அன்னசாலைக்கெல்லாம் நிலம் எங்கேயிருந்து வந்தது?" நமக்குப் பதில் தெரியவில்லை. பெரியபுராணம் மூர்க்கரின் காலத்துக்குச் சாட்சியாகாது, அதை எழுதிய காலத்துக்குச் சாட்சியாகும் என்று அவர் சொன்னது மட்டும் மனதில் பதிந்துவிட்டது.

நிலம் எங்கேயிருந்து வந்தது என்ற கேள்வியைத்தான் பெரிய இடத்து ஆராய்ச்சிகள் வெகுகாலம் கேட்காமலிருந்தன. சென்னை சர்வகலாசாலை 1857-ல் ஏற்பட்டது. அதில் இந்திய சரித்திரத்திற்கென்று தனி இலாகா 1914-ல்தான் வந்தது. முதல் பேராசிரியர் எஸ்.கிருஷ்ணசாமி அய்யங்கார். அவருக்குப் பின் 1929 முதல் கே.ஏ.நீலகண்ட சாஸ்திரியார். சாஸ்திரியார் ஆயிரக்கணக்கான கல்வெட்டுக்களைப் படித்து 1935-லும் 1937-லும் சோழர் சரித்திரத்தை இரண்டு பாகங்களாக வெளியிட்டார். அந்த உழைப்பை நாம் குறைத்துச் சொல்லமாட்டோம். இன்றைக்கும் அதைத் தொடாமல் சோழரைப் பற்றி எழுத முடியாது. ஆனால் அரண்மனை, சபை, கோயில் என்று பார்த்த கண்ணுக்குச் சேரி எவ்வளவு தெரிந்தது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

தெரிய வேண்டியது கல்லிலேயே இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் இராஜராஜன் வெட்டிவைத்த கல்வெட்டில், கோயிலுக்கு விட்ட கிராமங்களில் வரியில்லாத நிலங்கள் எவை என்று பட்டியல் வருகிறது. ஊர்நத்தம், குளம், வாய்க்கால், அதன் பிறகு பறைச்சேரி, கம்மாணசேரி, சுடுகாடு. சில ஊர்களில் பறைச்சுடுகாடு என்றே தனியாக. ஆயிரம் வருஷத்திற்கு முன்னால் செத்தவனுக்கும் தனி இடம் என்பதை ராஜாவே கல்லில் எழுதிவைத்திருக்கிறான். பெரிய கோயிலின் உயரத்தை அங்குலக் கணக்கில் சொல்லுகிற பிரசங்கிகள் இந்த வரியைப் படித்துக் காட்டி நாம் கேட்டதில்லை.

உத்திரமேரூர் கதையும் கேளுங்கள். முதல் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுக்களில் குடவோலை முறை சொல்லப்பட்டிருக்கிறது. உலகத்துக்கே ஜனநாயகம் கற்றுக்கொடுத்தோம் என்று இதைக் காட்டாத மேடை கிடையாது. யாருடைய பெயரைக் குடத்தில் போடலாம் என்று அதே கல்வெட்டே சொல்லுகிறது. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். அது பிராமண கிராமத்துச் சபை. ஆணுக்கு மட்டும் உரியது. கணக்குக் காட்டாதவனும் அவன் சொந்தக்காரனும் நிற்கக் கூடாது என்ற நல்ல விதியும் அதில் இருக்கிறது. இன்றைய முனிசிபாலிட்டிகளுக்கு அது வந்தால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று தெரியாது. இரண்டையும் சேர்த்துச் சொல்லுவதே சரித்திரம். முதல் பாதியை விட்டுவிட்டுச் சொன்னால் அது விளம்பரம்.

இப்படிக் கேள்வி கேட்டு நிலத்தின் கதையைத் தோண்டியவர் யாரென்றால், ஜப்பானிலிருந்து 1960-களின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து தமிழ்க் கல்வெட்டுப் படிக்கக் கற்ற நொபோரு கராஷிமா. திருச்சிப் பக்கத்தில் அல்லூர், ஈசானமங்கலம் என்று இரண்டு சாதாரணக் கிராமங்களை எடுத்துக்கொண்டு, ஒன்றில் நிலம் ஊர்ப்பொதுவாகவும், பிராமண கிராமமான மற்றதில் தனித்தனி ஆள் பெயரிலும் இருந்ததைக் காட்டினார். பிறகு சோழர் காலத்தின் பிற்பகுதியில் தனியார் நிலவுடைமை எப்படிப் பெருகியது என்பதையும் எடுத்துக் காட்டினார். எ.சுப்பராயலு முதலானவர்களோடு சேர்ந்து சோழர் கல்வெட்டுக்களில் வரும் ஆட்பெயர்களையெல்லாம் தொகுத்து எண்ணி 1978-ல் பெரிய புஸ்தகமாகப் போட்டார். ராஜாவை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்ட சாமானியர்களை எண்ணினார். ஜப்பான்காரருக்குத் தோன்றியது நமக்குத் தோன்றுவதற்கு என்ன தடை?

தடை இருக்கிறது. மத்திய சர்க்கார் ஆராய்ச்சி மாணவருக்கு மாதம் 37,000 ரூபாய் உபகாரச் சம்பளம் தருவதாக 2023-ல் உயர்த்தியது. அதைப் பெறுவதற்கு எழுதவேண்டிய நெட் பரீட்சையில் சரித்திரக் கேள்விகள் இங்கிலீஷிலும் இந்தியிலும்தான் இருக்கும். தமிழில் எம்.ஏ. வரை சரித்திரம் படித்த பையன், தமிழ்க் கல்வெட்டை வாசிக்கத் தெரிந்த பையன், தமிழ்நாட்டு நிலத்தைப் பற்றி ஆராயப்போகும் பையன், இங்கிலீஷ் தெரியாததால் தோற்கிறான். இந்திக்காரன் தன் பாஷையிலேயே எழுதித் தேறுகிறான். நமது கொத்தனார் மகன் இரண்டு தடவை எழுதிவிட்டார். இப்போது காலையில் டியூஷன், ராத்திரியில் கல்யாண மண்டபத்தில் பரிமாறும் வேலை, நடுவில் ஆராய்ச்சி. சென்ற வருஷம் பெரிய மகாநாடு ஒன்றுக்குக் கட்டுரை எழுதிவைத்தும் ரயில் சார்ஜும் தங்கும் செலவும் சேராததால் போகவில்லை. அவரைப்போல எத்தனை பேரோ. பரீட்சையைத் தமிழிலும் வைக்கச் சொல்லி நமது சட்டசபை மெம்பர்களும் பார்லிமெண்ட் மெம்பர்களும் கேட்க வேண்டும். ஜனங்களும் அவர்களைக் கேட்கும்படி செய்ய வேண்டும். மகாநாடு நடத்தும் காலேஜுகள் பொன்னாடைச் செலவை நிறுத்தினாலே பத்து மாணவருக்கு வழிச்செலவு கொடுக்கலாம். தலைமை விருந்தினருக்கு ஐந்து நிமிஷமும் மாணவருக்கு அரை மணியும் என்று ஒருதடவை மாற்றித்தான் பார்க்கட்டுமே!

இதில் நமக்குள்ள பங்கையும் சொல்லிவிடுகின்றோம். ஆராய்ச்சி மாணவர் ஒரு கிராமத்துக்கு வந்து பழைய பத்திரம் இருக்கிறதா, ஏரிக்கு மதகு எங்கேயிருந்தது, கூவத்தில் எதுவரை தண்ணீர் குடித்தீர்கள், கோயிலுக்குள் எந்த வருஷத்திலிருந்து போக விட்டார்கள், கிணற்றில் எப்போது இறங்கவிட்டார்கள் என்று கேட்டால், நம்மவர்கள் வரி போடவந்த ஆள் என்று நினைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். அந்தப் பையன் தன் சொந்த ஊரிலேயே நான்கு வீட்டில் இப்படித் திரும்பியிருக்கிறார். கல்வெட்டு வெட்டக் காசில்லாதவர்களின் சரித்திரம் கிழவன் கிழவியின் வாயிலும், தகரப்பெட்டியில் மடித்து வைத்திருக்கும் பட்டாவிலும்தான் இருக்கிறது. கிழவி போய்விட்டால் அதுவும் போய்விடும். பெட்டியைக் கரையான் அரித்துவிட்டால் மிச்சம் நிற்பது தலபுராணம் ஒன்றே.

அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் திருவேற்காட்டில் நமது வாசகசாலையில் அந்த மாணவர் தமது கட்டுரையை முழுவதும் வாசிப்பார். மணியடிக்க ஆள் போடவில்லை. குத்துவிளக்கும் கிடையாது. கேள்விக்கு எவ்வளவு நேரமும் உண்டு. லெமூரியாத் தோழர்களும் தாராளமாக வந்து வாதாடலாம். பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர்ப் பக்கத்துத் தோழர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களை அழைத்து வரவும். பழைய பத்திரம், கிஸ்து ரசீது, கல்யாணப் பத்திரிகை, போட்டோ எதுவானாலும் நகல் எடுத்துக்கொண்டு வரவும். அசலை யாரிடமும், நம்மிடமுங்கூட, கொடுக்க வேண்டாம்.